நிறுவ ஒரு இரவு, தூங்க வைக்க மூன்று வாரம்: திங்க்பேடில் மேக் ஓஎஸ்

நேற்று இரவு பதினொன்றரைக்கு லேப்டாப்பின் மூடியைச் சாத்தினேன். மூடியின் மேல் 'திங்க்பேட்' என்று எழுதியிருக்குமே, அதில் ஐ எழுத்தின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. அது மெல்ல அணைந்து, மெல்ல எரிந்து, மறுபடி அணைந்தது. காலை ஏழரைக்குத் திறந்தேன். வரைந்துகொண்டிருந்த எழுத்து அப்படியே திரையில் நின்றது. பேட்டரி 81-லிருந்து 78-க்கு வந்திருந்தது. லேப்டாப்பின் இந்த எட்டு மணி நேரத் தூக்கத்தை வாங்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. விவரங்கள் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இந்த லேப்டாப் லெனோவோ செய்த திங்க்பேட். அதில் நான் ஓட்டுவது, ஆப்பிள் தன் கணினிகளுக்கென்றே செய்த மேக் ஓஎஸ் என்ற இயங்குதளம். அது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்து வருகிறேன். லினக்ஸில் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருச் செயலி வைத்து, 247 எழுத்துகளுக்கும் வேண்டிய வடிவங்களை முடித்துவிட்டேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி வைக்கும் வேலையில்தான் அடைத்து நின்றது. 'மு'வுக்குப் பக்கத்தில் 'ழு' வந்தால் ஒரு மாதிரி, 'ழு'வுக்குப் பக்கத்தில் 'து' வந்தால் வேறு மாதிரி. எழுத்துரு வேலை தெரிந்த நண்பர்கள் எல்லாரும் கிளிஃப்ஸ் என்ற எழுத்துருச் செயலியைக் கைகாட்டினார்கள். அது மேக்கில் மட்டுமே ஓடும். மேக் மினி எம்4 இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது. என்னிடம் ஒதுக்கி வைத்திருந்தது 25,000.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம், ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-இல் இப்படிக் கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குப் போட்டது, 2009-இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்தது. நான் செய்திருப்பது விற்பதற்கல்ல. இதை வைத்துக் காசு வாங்கும் வேலை எதுவும் செய்யப் போவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். எழுத்துரு வெளியிடும் நிலைக்கு வந்தால் அந்த இறுதிக் கோப்பு ஒரு உண்மையான மேக்கில்தான் உருவாகும்.

சரி, கணினிக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, 18,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480 வாங்கினேன். ஐ5-8350யு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குல முழு எச்டி ஐபிஎஸ் திரை. கடைக்காரர் முதலில் வேறொன்றை எடுத்துக் காட்டினார்.

"சார், இதுல தனியா கிராபிக்ஸ் கார்டே இருக்கு. ஆயிரம்தான் கூட."

"வேணாம் அண்ணே. அது இல்லாததுதான் வேணும்."

அவருக்கு ஆச்சரியம். டி480-இல் எம்எக்ஸ்150 என்ற என்விடியா சில்லு உள்ள வகையும் உண்டு. அதற்கு மேக்கில் டிரைவர் கிடையாது. அந்த வரிசைக்கு என்விடியா தந்த டிரைவர்கள் ஹை சியராவோடு, அதாவது 10.13-ஓடு நின்றுவிட்டன. அப்புறம் அதை அணைத்து வைப்பதே தனி வேலையாகிவிடும். இன்டெல் யுஎச்டி 620 மட்டும் உள்ளது போதும்.

வீட்டுக்கு வந்ததும் பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை நிரல். எஃப்1 அழுத்தி உள்ளே போய் செக்யூர் பூட் என்ற காவலை அணைத்தேன். எழுப்பும் முறையை யுஇஎஃப்ஐ மட்டும் என்று வைத்தேன். செக்யூரிட்டி சிப்பையும் எஸ்ஜிஎக்ஸையும் அணைத்தேன். வேக் ஆன் லேன் என்று, லேன் கேபிள் வழியே கணினியை எழுப்பும் வசதி ஒன்று கண்ணில் பட்டது, அதைத் தொடாமல் விட்டேன். அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ரேம் சேர்க்கத் திறந்தபோது ஒரு நல்ல வசதியைக் கண்டேன். டி480-இல் இரண்டு பேட்டரி. பின்னால் உள்ளதைக் கழற்றிவிடலாம், உள்ளே இருப்பதைப் பயாஸிலேயே அணைக்கலாம். பவர் பகுதியில் 'உள் பேட்டரியை அணை' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தியதும் கணினி அணைந்துவிடும், திரும்ப சார்ஜர் செருகும் வரை உள்ளே மின்சாரம் இருக்காது. அடி மூடியில் ஆறு பிலிப்ஸ் திருகுகள். கழன்று விழாத வகை என்பதால் தொலையும் பயம் இல்லை. திருகுகளைத் தளர்த்திய பிறகும் மூடி கவ்வியபடியே இருந்தது. கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் விட்டுச் சுற்றி வந்தேன், 'டக் டக்' என்று விட்டது. 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று 1,600 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு 16 ஆக்கினேன்.

எந்த மேக் ஓஎஸ் என்பதில் குழப்பம் இல்லை. சோனோமா, அதாவது 14. இந்த லேப்டாப்பில் உள்ள இன்டெல் வைஃபை அட்டைக்கு இலவச டிரைவர் சோனோமா வரை நன்றாக வேலை செய்கிறது. அதற்குப் பிந்தைய செக்வோயாவில் வைஃபைக்குத் தனிச் செயலி வைத்துச் சுற்றி வர வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் தொடங்கியது. டி480-க்கென்று யாரோ தயாராகச் செய்து வைத்திருந்த ஓப்பன்கோர் கோப்புறை ஒன்று கிடைத்தது. ஓப்பன்கோர்தான் மேக் ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்லோடர். அதன் கான்ஃபிக் கோப்பை அமைப்பதுதான் இதில் பெரிய வேலை. அதே மாடல்தானே, அப்படியே போட்டால் போகிறது என்று நினைத்தேன். 16 ஜிபி பென்டிரைவை ஃபேட்32 ஆக்கி, லினக்ஸில் மேக்ரிகவரி என்ற பைத்தான் நிரலை ஓட்டி, ஆப்பிளின் சர்வரிலிருந்தே நிறுவத் தொடங்குவதற்கான ரிகவரி கோப்பை இறக்கினேன். அதோடு அந்தக் கோப்புறையையும் போட்டு எஃப்12 அழுத்தி எழுப்பினேன். ஆப்பிள் சின்னம் வந்தது, ஒரு நிமிடம் நின்றது, அப்புறம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட தடைக்குறி வந்து நின்றது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று. அந்தக் கோப்புறையைச் செய்தவர் சோனோமாவுக்கு முந்தைய வென்ச்சுராவுக்காகச் செய்திருக்கிறார். கணினி தன்னை 'மேக்புக்ப்ரோ14,1' என்று, அதாவது 2017-ஆம் ஆண்டு மாடலாக, சொல்லிக்கொள்ளும்படி அமைத்திருந்தார். சோனோமா மேக்புக் ப்ரோவில் 2018-க்கு முந்தையதை ஏற்காது. அதை 'மேக்புக்ப்ரோ15,2' ஆக்கியதும் தடைக்குறி போய், வேறிடத்தில் நின்றது. அடுத்தவர் எழுதிய 200 வரிகளில் எது எதற்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று புரிந்தது. கோப்புறையை ஓரம் வைத்துவிட்டு, ஓப்பன்கோருக்கான டோர்டானியா வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து படித்து, கான்ஃபிக் கோப்பை நானே எழுதினேன். ஒன்றை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொண்டேன்: யுஎஸ்பி வரைபடம், அதாவது எந்தெந்த யுஎஸ்பி போர்ட் இருக்கிறது, எந்த வகை என்று மேக்குக்குச் சொல்லும் கோப்பு. அதைச் செய்வது அலுப்பான வேலை, போர்ட்கள் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று தோன்றியது.

என் சொந்தக் கோப்பு வைத்து எழுப்பியபோது 'எக்சிட்பிஎஸ் ஸ்டார்ட்' என்ற வரியோடு திரை உறைந்தது. இது இந்த வேலையில் இறங்கிய எல்லாரும் பார்த்திருக்கும் வரி. எனக்குக் காரணம், கான்ஃபிக் கோப்பின் கெர்னல் பகுதியில் சிஎஃப்ஜி பூட்டுக்கான ஒரு தேர்வை 'ஆம்' ஆக்காமல் விட்டது. சாதாரண லேப்டாப் பயாஸ்கள் செயலியின் ஒரு பதிவேட்டைப் பூட்டியே வைத்திருக்கும். மேக் அதில் எழுதப் போய் முட்டிக்கொள்ளும். 'ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக்' என்ற அந்த ஒரு வரியை மாற்றினேன், நிறுவும் திரை வந்துவிட்டது.

நிறுவும்போது இணையம் வேண்டும். ஏறத்தாழ 13 ஜிபி இறங்கும். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பியில் செருகி இணையம் தரலாம் என்று பார்த்தேன், மேக்குக்கு அது நேரடியாகப் புரியாது. நல்லவேளை டி480-இல் லேன் போர்ட் இருக்கிறது. 150 ரூபாய்க்கு மூன்று மீட்டர் கேபிள் வாங்கி, கூடத்தில் ரவுட்டர் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தேன். இன்டெல்மௌசி என்ற கெக்ஸ்ட் லேனைப் பார்த்துக்கொண்டது. கெக்ஸ்ட் என்றால் மேக்கின் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி நிறுவியதும் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி தொடங்கினேன், அதே இடம், அதே ரீஸ்டார்ட். மூன்றாம் முறையும் அப்படியே. இரண்டு இரவு கான்ஃபிக் கோப்பைக் குடைந்தேன். தப்பு அங்கே இல்லை. லேப்டாப்போடு வந்த என்விஎம்இ வகை எஸ்எஸ்டியின் மாடல் எண், மேக்கோடு ஒத்துவராத எஸ்எஸ்டிகளின் பட்டியலில் இருந்தது. லினக்ஸில் அது இன்றும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, மேக்கின் என்விஎம்இ டிரைவரோடுதான் சண்டை. வாங்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். 3,100 ரூபாய்க்கு 512 ஜிபியில் வேறொன்று வாங்கிப் போட்டேன். பழையதை 900 ரூபாய் யுஎஸ்பி பெட்டியில் போட்டு, லினக்ஸை அதிலிருந்து ஓட்டிக்கொள்கிறேன்.

புது எஸ்எஸ்டியில் எல்லாம் ஒரே இரவில் முடிந்தது. ஒரு சிறு தடுமாற்றம் மட்டும். வட்டுகளைப் பிரிக்கும் டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்ததும் முழு எஸ்எஸ்டியும் கண்ணில் படாது. மேலே 'எல்லாச் சாதனங்களையும் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதை மேக்கின் ஏபிஎஃப்எஸ் வடிவத்தில், ஜியுஐடி பகிர்வு அட்டவணையோடு அழித்து அமைக்க முடியும். நடுவில் பல முறை ரீஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் ஓப்பன்கோர் பட்டியலில் 'மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்' என்பதையே எடுக்க வேண்டும். விடியற்காலை இரண்டே காலுக்கு வரவேற்புத் திரை வந்தது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, ஒரு வெற்றுக் கோப்பில் 'முழுது' என்று தட்டினேன். முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவில் அந்தச் சொல் திரையில் வந்தபோது, தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் சாளரங்கள் இழுக்க இழுக்க நடுங்கின. 'இந்த மேக்கைப் பற்றி' பகுதியில் திரை நினைவகம் 7 எம்பி என்று காட்டியது. அப்படியென்றால் கிராபிக்ஸ் சில்லை மேக் அடையாளம் காணவே இல்லை. இந்த லேப்டாப்பின் யுஎச்டி 620-இன் அடையாள எண் 5917. அதை மேக் அறியாது, அறிந்தது எச்டி 620-இன் 5916. ஆகவே கான்ஃபிக் கோப்பில் அதை 5916 என்று மாற்றிச் சொல்ல வேண்டும். நான் 59160000 என்று எழுதியிருந்தேன். எழுத வேண்டியது 16590000. பைட்டுகள் இரண்டிரண்டு இலக்கமாகத் தலைகீழாக வரும் என்று வழிகாட்டியில் இருக்கிறது, நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருக்கிறேன். கூடவே, இந்தப் பயாஸில் கிராபிக்ஸுக்கான நினைவக ஒதுக்கீட்டைக் கூட்ட வழி தெரியாததால் ஸ்டோலன்மெம் 00003001, எஃப்பிமெம் 00009000 என்ற இரண்டு மதிப்புகளையும் சேர்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் 1536 எம்பி. சாளரங்கள் எண்ணெய் விட்டது போல் நகர்ந்தன. எச்டிஎம்ஐ வழியே பெரிய திரை செருகினால் கறுப்பாகவே இருந்தது, இணைப்பு வகையை 00080000 என்று எழுதியதும் அதுவும் சரியானது.

டச்பேடுக்கு இரண்டு கெக்ஸ்ட்கள் ஒரே நேரத்தில் சண்டை போட்டன. விசைப்பலகைக்கு வூடூபிஎஸ்2 வேண்டும், இந்தச் சினாப்டிக்ஸ் டச்பேடுக்கு வூடூஆர்எம்ஐ வேண்டும். இரண்டுக்குள்ளும் வூடூஇன்புட் என்ற ஒரே பாகம் இருக்கிறது, அதில் ஒன்றை அணைக்க வேண்டும். பிஎஸ்2-இன் டிராக்பேட் பாகத்தையும் அணைக்க வேண்டும். அணைத்ததும் மூன்று விரல் சைகைகூட வேலை செய்தது. ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி என்ற கெக்ஸ்டில் லேஅவுட் எண் 11 என் கணினியில் ஒத்துவந்தது. வைஃபை டிரைவரில் சோனோமா 14.0-க்கு ஒன்று, 14.4-க்கும் அதற்கு மேலும் ஒன்று என்று இரண்டு உண்டு. முதலில் தவறானதைப் போட்டு, வைஃபை குறியே இல்லாமல் அரை நாள் விழித்தேன். ஏர்டிராப் இந்த இன்டெல் அட்டையில் வராது, எனக்கு அது தேவையும் இல்லை.

பேட்டரியில் முதலில் சதவீதமே வரவில்லை. ஈசிஎனேப்ளர் என்ற கெக்ஸ்டைச் சேர்த்ததும் வந்தது, ஆனால் ஒரு பேட்டரி தீர்ந்து அடுத்ததற்கு மாறும்போது 6-லிருந்து 94-க்குத் தாவியது. இரண்டையும் கூட்டி ஒன்றாகச் சொல்லும் ஒரு சிறிய எஸ்எஸ்டிடி கோப்பு (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிப்பது) சேர்த்த பிறகுதான் எண் ஒழுங்காக இறங்கியது. 24 வாட்-மணி கொண்ட இரண்டு பழைய பேட்டரிகளில் எனக்கு நாலு மணி பத்து நிமிடம் கிடைக்கிறது. லினக்ஸில் ஐந்து மணி தாண்டும்.

இதுவரை ஆனது மொத்தம் எட்டு நாள். இனி தூக்கம்.

மூடியைச் சாத்தினால் சிவப்புப் புள்ளி ஒரு முறை மங்கும், மூன்றாவது நொடி திரை எரிந்துவிடும். மூடிய மூடிக்குள்ளேயே. பையில் போட்டு வெளியே போன ஒரு நாள், திரும்பி வந்து எடுத்தால் அடிப்பகுதி தொட முடியாத சூடு. அன்றைக்குத்தான், தூங்காத லேப்டாப்பை லேப்டாப் என்று சொல்ல முடியாது என்று முடிவு செய்தேன். எழுத்துரு வேலையை நிறுத்திவிட்டு இதிலேயே உட்கார்ந்தேன்.

முதல் வாரம் டெர்மினலில் போயிற்று. தூக்கம், மின்சாரம் பற்றிய அமைப்புகளை மாற்றும் பிஎம்செட் கட்டளையால் ஹைபர்னேட்மோடை 0 ஆக்கினேன். ஸ்டாண்ட்பை, பவர்நேப், டிசிபி கீப்அலைவ் எல்லாவற்றையும் 0 ஆக்கினேன். ஒவ்வொன்றையும் மாற்றி, மூடி, பத்து எண்ணி, திறந்து, நோட்டில் எழுதினேன். இருபத்தொரு முறை. ஒன்றும் மாறவில்லை. இந்த அமைப்புகள் வேண்டியவைதான், இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் உடனே விழிப்பதற்கு மருந்து இவற்றில் இல்லை.

இரண்டாம் வாரம்தான் பதிவைப் படிக்கத் தோன்றியது. பிஎம்செட்டிலேயே பதிவைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு விழிப்புக்கும் எந்தச் சாதனம் எழுப்பியது என்று இருக்கிறது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. சில விழிப்புகளுக்கு லேன், பலவற்றுக்கு யுஎஸ்பி கட்டுப்படுத்தி. பயாஸில் தொடாமல் விட்ட வேக் ஆன் லேனை அணைத்தேன், லேன் பெயர் பதிவிலிருந்து மறைந்தது. யுஎஸ்பிக்கு ஜிபிஆர்டபிள்யூ திருத்தம் போட்டேன். எந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்று சொல்லும் பயாஸ் செயற்கூறு அது. அதன் பெயரை ஓப்பன்கோர் வழியே மாற்றிவிட்டு, அதே பெயரில் 'யாரும் எழுப்ப வேண்டாம்' என்று பதில் சொல்லும் எஸ்எஸ்டிடி ஒன்றை வைக்க வேண்டும்.

வைத்தேன். மூடியைச் சாத்தினால் புள்ளி ஒழுங்காக மூச்சுவிட்டது. ஐந்து நிமிடம் தூங்கியது, பத்து நிமிடம் தூங்கியது. திறந்தால் திரை கறுப்பு, விசிறி மட்டும் ஓடும். பவர் பொத்தானைப் பிடித்து அழுத்தித்தான் அணைக்க முடிந்தது. ஒரு முறை நன்றாக எழும், அடுத்த முறை எழாது. இந்த ஒழுங்கின்மைதான் என்னை ரொம்பக் களைக்க வைத்தது. எப்போதும் தப்பாக நடந்தால் காரணத்தைத் துரத்தலாம், இது நாலில் ஒன்று தப்பாக நடந்தது. கிராபிக்ஸ் என்று நினைத்து ஸ்டோலன்மெம் மதிப்பைக் கலைத்தேன், டச்பேடு என்று நினைத்து வூடூஆர்எம்ஐயைக் கழற்றினேன். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றி, எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல், இரண்டு நாள் பின்னால் போய் நின்றேன். அதிலிருந்து, ஒரு மாற்றம், ஆறு முறை தூக்கம், அப்புறம்தான் அடுத்த மாற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் நோட்டைப் புரட்டியபோது ஒன்று பளிச்சென்று பட்டது. ப்ளூடூத்தை அணைத்திருந்த நாள்களில் ஒரு முறைகூடக் கறுப்புத் திரை வரவில்லை.

ப்ளூடூத் லேப்டாப்பின் உள்ளே யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. அந்த யுஎஸ்பி வரைபடம் நான் எழுதியதல்ல. முதல் நாள் எடுத்து வைத்த பழைய கோப்புறையிலிருந்து வந்தது. திறந்து பார்த்தேன். ப்ளூடூத் உட்கார்ந்திருக்கும் போர்ட்டுக்கு வகை 3 என்று இருந்தது, அதாவது வெளியே தெரியும் யுஎஸ்பி 3 போர்ட். இருக்க வேண்டியது 255, அதாவது உள்ளேயே பொருத்தியது. யாரோ வெளியில் செருகி வைத்த பொருள் போல மேக் அதை நடத்தியிருக்கிறது. இன்னும் பார்த்தால், என் லேப்டாப்பில் இல்லவே இல்லாத ஸ்மார்ட் கார்டு ரீடருக்கு ஒரு இடம். மேக்கில் டிரைவரே இல்லாத கைரேகைக் கருவிக்கு ஒரு இடம். டி480 என்ற பெயரில் ஸ்மார்ட் கார்டு உள்ளது, இல்லாதது, தொடுதிரை உள்ளது, சிம் மோடம் உள்ளது என்று பல வகை விற்றிருக்கிறார்கள். மாடல் எண் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்காது.

அன்று சாயங்காலமே வரைபடத்தை நானே செய்தேன். யுஎஸ்பிமேப் நிரலை ஓடவிட்டு, ஒரு பழைய யுஎஸ்பி 2 மவுஸையும் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவையும் ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி எடுக்க வேண்டும். எந்த வரி மின்னுகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு யுஎஸ்பி 3 போர்ட், கணக்கில் இரண்டாக வரும். டைப்-சி போர்ட்டில் இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுப்படுத்திக்கு 15 போர்ட் என்பது எல் கேபிடன் காலத்திலிருந்து மேக்கின் வரம்பு. எனக்குத் தேவைப்பட்டது 9 மட்டும்: வலப்பக்கம் இரண்டு ஏ வகைப் போர்ட்டுக்கு நாலு, இடப்பக்கம் டைப்-சிக்கு இரண்டு, தண்டர்போல்ட் போர்ட்டின் யுஎஸ்பி 2 பக்கத்துக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ப்ளூடூத்துக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் 255. கைரேகையை விட்டுவிட்டேன். மொத்த வேலையும் நாற்பது நிமிடம். அலுப்பு என்று முதல் நாள் தள்ளி வைத்த வேலை இது.

அன்றிரவு ப்ளூடூத் ஓடிக்கொண்டிருக்க, ஆறு முறை தூங்க வைத்தேன், ஆறு முறையும் எழுந்தது. மறுநாள் பன்னிரண்டு முறை. அதற்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அமைப்புகளில் வரவே இல்லை. மேக்புக்ப்ரோ15,2 என்பது டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லு உள்ள மாடல். அந்தச் சில்லு இல்லாத கணினி, ஓப்பன்கோரில் செக்யூர்பூட்மாடல் என்ற தேர்வையும் அணைத்து வைத்தால் ஆப்பிளின் சர்வர் எதையும் தராது. ரெஸ்ட்ரிக்ட்ஈவென்ட்ஸ் கெக்ஸ்டையும் அதற்கான ஒரு பூட் வரியையும் சேர்த்ததும் வந்தது. புதுப்பிக்கும் முன் வேலை செய்கிற ஓப்பன்கோர் கோப்புறையைப் பென்டிரைவில் ஒரு படி வைத்துக்கொள்கிறேன். ஒரு முறை அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

செலவுக் கணக்கு: லேப்டாப் 18,500, ரேம் 1,600, எஸ்எஸ்டி 3,100, யுஎஸ்பி பெட்டி 900, பென்டிரைவ் 350, லேன் கேபிள் 150. மொத்தம் 24,600 ரூபாய். எஸ்எஸ்டி பட்டியலை முன்பே பார்த்திருந்தால் 4,000 மிச்சம், ஏனென்றால் கடையிலேயே வேறு எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லியிருப்பேன். மறுபடி செய்வதென்றால் நிறுவி முடித்த அன்றே யுஎஸ்பி வரைபடம் போடுவேன், ஒலி, டச்பேடு எல்லாம் அதற்குப் பிறகு. விழிப்புப் பதிவை முதல் நாளே படிப்பேன். திரையையும் இன்னும் நல்லதாகத் தேடுவேன். முழு எச்டி திரையில் மேக்கின் எழுத்துகள் சற்று மங்கலாகத் தெரிகின்றன. எழுத்தின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் சப்பிக்சல் மென்மையாக்கலை மேக் ஓஎஸ் மொஹாவே முதல் எடுத்துவிட்டார்கள். எழுத்துரு பார்க்கிறவனுக்கு இது சிறு விஷயம் இல்லை. இடைவெளி வேலையை எச்டிஎம்ஐயில் செருகிய பெரிய திரையில்தான் செய்கிறேன்.

இந்த வழி நீண்ட நாள் திறந்திருக்காது. இன்டெல் மேக்குகளுக்கு டஹோ என்ற மேக் ஓஎஸ் பதிப்பே கடைசி என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது, மேக்புக்ப்ரோ15,2 அந்த டஹோ பட்டியலிலேயே இல்லை. இந்த லேப்டாப் சோனோமாவோடு நிற்கும். என் எழுத்துருவை முடிக்க அது போதும்.

ஃபான்ட்ஃபோர்ஜிலிருந்து யுஎஃப்ஓ என்ற எழுத்துரு வடிவத்தில் ஏற்றுமதி செய்த கோப்பு கிளிஃப்ஸில் குறையில்லாமல் திறந்தது. சோதனைக் காலம் முப்பது நாள், அதில் பத்து போய்விட்டது. எஸ்டி கார்டு ரீடர் இன்னும் வேலை செய்யவில்லை, அது கிடக்கட்டும். இன்று மாலை 'ழு'வின் வலப்பக்க இடைவெளியில் உட்கார வேண்டும்.